ஆல்ஃபிரட் ரீட்

ஆல்ஃபிரட் ரீட் (ஜனவரி 25, 1921 - செப்டம்பர் 17, 2005) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த இசையமைப்பாளர், இசைக்குழு நடத்துனர், இசைப் பதிப்பாசிரியர், பேராசிரியர் ஆவார். காற்றிசைக் குழுக்களுக்காக இவர் எழுதிய ஆக்கங்கள் பல நாடுகளில் பள்ளி, கல்லூரி மேடைகளில் வாசிக்கப்படுகின்றன. வயலின் முதலியவை இல்லாமல் கிளாரினெட், புல்லாங்குழல், டிரம்பெட், முரசு போன்றவற்றால் அமைவது காற்றிசைக் குழு. நம்மவர் பேண்டு வாத்தியம் என்பதன் விரிந்த வடிவம் எனலாம். ரீடின் மற்றொரு பணி இந்த அளவுக்கு அறியப்படவில்லை. இசைத்தொழிலின் வணிகப் பக்கத்தைப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாக ஆக்கிய முன்னோடி இவரே. 1966 இல் மயாமி பல்கலைக்கழகத்தில் இவர் உருவாக்கிய பாடத்திட்டம் அவ்வகையில் முதலாவதாகக் கருதப்படுகிறது.

இளமையும் போர்க்காலமும்

நியூயார்க் நகரின் மன்ஹாட்டனில், ஆஸ்திரிய வழிவந்த பெற்றோருக்கு ரீட் பிறந்தார். பத்து வயதில் டிரம்பெட் கற்கத் தொடங்கினார். உயர்நிலைப் பள்ளி நாட்களிலேயே உல்லாச விடுதிகளின் சிறு குழுக்களில் வாசித்துப் பொருளீட்டினார். பட்டம் பெறுவதற்கு வெகு முன்பே இசை இவருக்குப் பிழைப்பாகிவிட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது 529 ஆவது இராணுவ வான்படை இசைக்குழுவில் பணியாற்றினார். 1944 இல் டென்வர் நகரில் அமெரிக்க-உருசிய நட்புறவை முன்னிட்டு ஒரு கச்சேரி ஏற்பாடாகியது. அதற்கென உருசிய இசையைத் தழுவிய ஆக்கமொன்று குறுகிய காலத்தில் தேவைப்பட்டது. 23 வயதான ரீடிடம் அப்பொறுப்பு வந்தது. நாட்களே எஞ்சியிருந்த நிலையில் எழுதி முடித்தார். உருசிய மரபுவழித் திருச்சபையின் வழிபாட்டு இசையைப் பின்பற்றிய அந்த ஆக்கம் டிசம்பர் 12, 1944 அன்று அரங்கேறியது. ரஷ்யன் கிறிஸ்துமஸ் மியூசிக் எனப்படும் அதுவே இன்றும் இவரது புகழ்பெற்ற ஆக்கங்களுள் முன்னிற்கிறது.

வானொலியும் பதிப்பகமும்

போருக்குப் பின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் விட்டோரியோ ஜியானினியிடம் பயின்றார். பின்னர் என்.பி.சி., ஏ.பி.சி. ஒலிபரப்பு நிறுவனங்களில் சம்பளம் பெறும் இசையமைப்பாளராகப் பணியாற்றினார். 1953 இல் டெக்சாசிலுள்ள பேய்லர் பல்கலைக்கழகத்தின் இசைக்குழு நடத்துனரானார். அங்கேயே 1955 இல் இளங்கலைப் பட்டமும் 1956 இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். முதுகலை ஆய்வேடாக இவர் எழுதிய வயோலாவுக்கான ராப்சடி 1959 இல் லூரியா பரிசைப் பெற்றது.

1955 முதல் 1966 வரை ஹான்சன் இசைப் பதிப்பகத்தில் பதிப்பாசிரியராக இருந்தார். இவரது பிற்காலப் பணிக்கு இப்பதினோரு ஆண்டுகளே அடித்தளம் எனலாம். காற்றிசைக் குழுவுக்கான ஆக்கம் ஒற்றை நூலாக விற்பனையாவதில்லை. நடத்துனருக்கான முழுப்பிரதியும் ஒவ்வொரு கருவிக்குமான தனித்தாள்களும் சேர்ந்த தொகுதியாகவே விற்பனையாகும். அதை வாங்குபவர் பெரும்பாலும் பள்ளி இசை ஆசிரியர். மாணவர்களால் வாசிக்க இயலாத ஆக்கம் எவ்வளவு சிறந்ததாயினும் அலமாரியிலேயே தங்கிவிடும். 1959 இல் ஜெராக்ஸ் 914 இயந்திரம் சந்தைக்கு வந்தபின் வேறொரு சிக்கலும் சேர்ந்தது. ஒரு தொகுதியை வாங்கி, தேவையான தாள்களை நகலெடுப்பது எளிதாயிற்று. நகலெடுத்த தாள்களுக்கு இசையமைப்பாளருக்கு எந்தத் தொகையும் கிடைப்பதில்லை.

இசை வணிகக் கல்வி

செப்டம்பர் 1966 இல் ரீட் மயாமி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார். இசைக் கோட்பாடு, இசையமைப்பு ஆகியவற்றோடு இசைக் கல்வித் துறையிலும் கற்பித்தார். இசைத்தொழில் பட்டப்படிப்பை உருவாக்கி, அதன் இயக்குனராகவும் பொறுப்பேற்றார். தொடக்கத்தில் இது மியூசிக் மெர்ச்சன்டைசிங் என்று அழைக்கப்பட்டது. மாணவர் இசைக்கருவியில் முறையான பயிற்சி பெற்றுக்கொண்டே வணிகப் பாடங்களையும் படிக்கவேண்டும் என்பது இதன் அமைப்பு.

இப்படிப்பின் தேவை எளிதில் விளங்கக்கூடியது. இசைப் பட்டதாரிகள் அனைவருக்கும் மேடையில் இடம் கிடைப்பதில்லை. பலர் பதிப்பகம், ஒலிப்பதிவு நிறுவனம், கருவி விற்பனை ஆகியவற்றுக்கே செல்கின்றனர். மேடையில் நிற்பவருக்கும் தம் வருவாய் எவ்வழிகளில் வருகிறது என்பது தெரிந்திருக்கவேண்டும். ஒரே பாடலுக்கு அச்சிடும் உரிமை, பொது இடத்தில் நிகழ்த்தும் உரிமை, இசைத்தட்டில் பதியும் உரிமை எனத் தனித்தனி உரிமைகள் உண்டு. அமெரிக்காவின் 1909 ஆம் ஆண்டுச் சட்டப்படி, இசைத்தட்டின் ஒவ்வொரு பிரதிக்கும் பாடலின் உரிமையாளருக்குரிய சட்டமுறைத் தொகை 2 சென்ட். விலைவாசி பலமடங்கு உயர்ந்தும் 1977 இறுதிவரை அத்தொகை உயரவில்லை. சம்பளத்துக்கு எழுதப்படும் இசையின் உரிமை பொதுவாக வேலை கொடுத்த நிறுவனத்தையே சேரும். இவற்றை அறியாமல் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர் தம் ஆக்கத்தையே இழக்க நேர்ந்தது. அதுவரை இவ்வறிவு அலுவலகங்களிலும் வழக்கறிஞர்களிடமும் மட்டுமே இருந்தது.

பின்னர் பிற பல்கலைக்கழகங்களும் இத்தகைய படிப்புகளைத் தொடங்கின. பதிப்பகத்தில் பணியாற்றிய ஒருவரே, வணிகப் பள்ளியில் அன்றி இசைப்பள்ளிக்குள்ளேயே இதனை நடத்தியது குறிப்பிடத்தக்கது.

பிற்காலம்

கற்பித்தலோடு இசையமைப்பையும் ரீட் நிறுத்தவில்லை. ஆர்மேனியப் பாதிரியார் கோமிதாஸ் தொகுத்த நாட்டுப்புறப் பாடல்களைக்கொண்டு ஆர்மேனியன் டான்சஸ் என்ற ஆக்கத்தை எழுதினார். அதன் முதற்பகுதியை ஜனவரி 10, 1973 அன்று இல்லினாய் பல்கலைக்கழக இசைக்குழு ஹாரி பெகியான் தலைமையில் அரங்கேற்றியது. இரண்டாம் பகுதி 1976 இல் அரங்கேறியது. தி ஹவுண்ட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் (1980), எல் கமினோ ரியல் (1985) ஆகியவையும் பரவலாக வாசிக்கப்படுபவை. அச்சிடப்பட்ட இவரது ஆக்கங்கள் 200க்கும் மேற்பட்டவை.

1980 இல் பிரெடரிக் ஃபெனலுக்குப் பின் பல்கலைக்கழகக் காற்றிசைக் குழுவின் நடத்துனரானார். ஜப்பானில் இவருக்குப் பெரும் வரவேற்பு இருந்தது. டோக்கியோ கோசேய் குழுவை நடத்தி ஒலிப்பதிவுகளும் வெளியிட்டார். 1993 இல் ஓய்வுபெற்றபோது இசை ஊடகம், இசைத்தொழில் துறையின் தலைவராக இருந்தார். அதன் பின்னரும் பல நாடுகளுக்குச் சென்று குழுக்களை நடத்தினார். செப்டம்பர் 17, 2005 அன்று தமது 84 ஆம் வயதில் மயாமியில் காலமானார்.