மேலணை கட்டிய காட்டன்

திருக்காட்டுப்பள்ளியில் காவிரியை விட்டுக் குடமுருட்டி பிரிந்து செல்வதை நமது நேயர்களிற் பலர் கண்டிருப்பர். அந்நீர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வந்தது. முக்கொம்பில் பிரியும் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது, போக்கும் நேரானது. ஆகவே வெள்ளம் அவ்வழியே கடலை நாட, காவிரியின் முகம் மணல் தூர்ந்து மேடாயிற்று. தஞ்சை ஜில்லா பாழாகுமோ என்று கும்பினியார் அஞ்சினர். குடிகளின் பசியைவிட நிலவரியே அவ்வச்சத்திற்கு மூலம் என்று நாம் கூறுவது மிகையாகாது.

இந்நிலையை மாற்றியவர் சர் ஆர்தர் காட்டன். 1803-இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், 1821-இல் சென்னை இஞ்சினீயர் படையில் பணியாற்ற இங்கு வந்தார். காவிரிப் பாசனப் பொறுப்பு தம்மிடம் வந்ததும் அவர் நமது கல்லணையை ஆராயலானார். ஆழங்காண முடியாத மணலில் அஸ்திவாரமிடும் வித்தையைப் பழந்தமிழர் வேலையிலிருந்தே கற்றதாக அவர் பின்னாளில் எழுதிவைத்தார். ஆளவந்த இனத்தவருள் இவ்வாறு ஒப்புக்கொண்டோர் மிகச் சிலரே.

அவர் வகுத்த வழி, முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும், கிழக்கே அணைக்கரையில் கீழணையும் எழுப்புவது. ஆனால் நதி தவணை கொடுக்காது. தை, மாசியில் நீர் வடிந்தபின் தொடங்கும் வேலை, ஆனியில் புதுவெள்ளம் வருமுன் நிலைபெற வேண்டும். வெள்ளத்தைத் தடுத்து நிறுத்த அக்காலத்தில் மேட்டூர் அணை இல்லை. அது 1934-இல்தான் முடிந்தது. அரைகுறையாக நிற்கும் சுவரை ஒரே இரவில் ஆறு கொண்டுபோய்விடும். இத்தகைய நெருக்கடியில் 1836-இல் இரண்டு அணைகளும் எழுந்தன. மணலில் கல் சுமந்த நம்மவரின் பெயர்களை எவரும் குறித்துவைக்கவில்லை.

பிழையே நேரவில்லை என்பதற்கில்லை. மேலணையின் பலனாகக் காவிரியில் அளவுக்கு மிஞ்சிய நீர் புகுந்து படுகையை அரித்தது. மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தவும், 1845-இல் காவிரியின் குறுக்கே தனியே ஒரு தடுப்பு இடவும் நேர்ந்தது.

சென்னையை அடுத்த செங்குன்றத்தில் கல் கொண்டுவர 1837-ஐ ஒட்டி இருப்புப் பாதை அமைத்தவரும் இவரே. அவரே பிற்காலத்தில், இந்நாட்டிற்கு ரயிலைவிடக் கால்வாய்களே முதலில் வேண்டும் என்று பார்லிமெண்டுக் கமிட்டியின் முன் வாதாடினார் என்பது விந்தை! கேட்டவர்கள் நகைத்தனர். பஞ்சங்களோ நகைக்கவில்லை. கல்லணையில் கற்ற பாடத்தைக்கொண்டு 1847 முதல் 1852 வரை கோதாவரியில் தவளேசுவரம் அணையைக் கட்டினார். 1861-இல் சர் பட்டம் பெற்று, 1899-இல் தமது 96-ஆவது வயதில் காலமானார். கோதாவரிக் கரையில் அவருக்குச் சிலைகள் பல உண்டு.

பலமுறை திருத்தப்பட்ட மேலணையில், 2018 ஆகஸ்ட் 22-இல் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. டெல்டாவுக்குச் செல்லும் நீர் வீணே கொள்ளிடத்தில் இறங்கலாயிற்று. புதிய கதவணை எழும்வரை சம்பா நாற்று காத்திருக்குமா? தொழிலாளர் நீருக்குள் நின்று, இரவு பகலாக மணல் மூட்டைகளையும் பாறைகளையும் அடுக்கி உடைப்பை அடைத்தனர்.