பிலாட்டீஸ்னா படுத்துட்டே செய்றதுதானா? எழுந்து நிற்கக் கற்றுக்கொடுத்த மனிதரின் கதை!

பிலாட்டீஸ் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது என்ன? ஒரு மேட்டை விரித்து, மல்லாக்கப் படுத்து, காலைத் தூக்கும் செலிபிரிட்டி ரீல்ஸ்தானே! ஆனா இப்போ மேட்டே இல்லாமல், நின்றுகொண்டே செய்யும் 'ஸ்டாண்டிங் பிலாட்டீஸ்' வீடியோக்களும் நிறைய வருது. 'இது என்ன புது உருட்டு' என்று நினைத்தால், ஸாரி பாஸ்... இது புதுசே இல்லை. அதற்கான விதையைப் போட்டவர் பெயரிலேயே இருக்கு: ஜோசப் பிலாட்டீஸ்.

நோஞ்சான் பையன்

1883-ல் ஜெர்மனியில் பிறந்தவர் ஜோசப். சின்ன வயசிலேயே ஆஸ்துமா. கூடவே எலும்புகளைப் பலவீனமாக்கும் ரிக்கெட்ஸ், ருமாட்டிக் காய்ச்சல் என வரிசை கட்டி வந்தன நோய்கள். மூச்சுவிடுவதே போராட்டமாக இருந்த பையன், எப்படியாவது உடம்பைத் தேற்றியே ஆகணும் என்று ஜிம்னாஸ்டிக்ஸ், பாக்ஸிங் என ஒன்று விடாமல் கற்றான். வளர்ந்த பிறகு அவரைப் பார்த்தவர்கள், இவரா நோயாளியாக இருந்தவர் என்று நம்ப மாட்டார்கள். அப்படி ஒரு கட்டுமஸ்தான உடம்பு!

பிழைப்புக்காக இங்கிலாந்து போனார். அங்கே இருக்கும்போதுதான் முதல் உலகப் போர் வெடித்தது. ஜெர்மன்காரர் என்பதால் முகாமில் அடைத்துவிட்டார்கள். 'ஐல் ஆஃப் மேன்' தீவில் இருந்த நாக்கலோ முகாம் அது. 20,000-க்கும் மேற்பட்டவர்கள் அடைபட்டிருந்த இடம்.

வேறு யாராக இருந்தாலும் நொந்துபோயிருப்பார்கள். ஜோசப்போ, தன்னோடு இருந்தவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தர ஆரம்பித்தார். எழுந்திருக்க முடியாதவர்களுக்காகக் கட்டிலிலேயே ஸ்பிரிங்குகளை மாட்டி, படுத்தபடியே கை காலை இயக்க வைத்தார் என்ற கதை பிலாட்டீஸ் வட்டாரத்தில் ரொம்ப பிரபலம். பின்னாளில் அவர் உருவாக்கிய கருவிகளிலும் ஸ்பிரிங்தான் ஹீரோ.

நியூயார்க்கில் ஒரு ஸ்டூடியோ

1926-ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அந்தப் பயணத்தில் சந்தித்த கிளாரா, வாழ்நாள் துணையானார். இருவரும் சேர்ந்து நியூயார்க்கின் எட்டாவது அவென்யூவில் ஸ்டூடியோ தொடங்கினார்கள். ஜார்ஜ் பாலன்சின், மார்த்தா கிரஹாம் போன்ற நடன உலக ஜாம்பவான்களுக்கு அது தெரிந்த முகவரியானது. அடிபட்ட டான்ஸர்கள் அங்கே வந்து தேறிப் போனார்கள்.

டான்ஸருக்குப் படுத்த நிலையில் பலம் வந்தால் மட்டும் போதுமா? மேடையில் நிற்கணுமே! ஜோசப்பின் கருவிகளில் ஒன்று, வெறும் ஒரு கம்பம். அதில் முதுகை ஒட்டி நிமிர்ந்து நின்று, மேலிருந்து தொங்கும் ஸ்பிரிங்குகளைக் கைகளால் இழுக்கணும். உடம்பு கோணினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

1945-ல் வெளியான அவரது புத்தகத்தில் 34 பயிற்சிகள். முதல் பயிற்சி, மல்லாந்து படுத்துச் செய்வது. கடைசிப் பயிற்சி, நின்ற நிலையில் ஆரம்பித்து, குனிந்து, தண்டால் எடுத்து, மறுபடி நின்ற நிலைக்கே வருவது. படுக்கையில் கிடந்த பிள்ளை எழுந்து நின்ற மாதிரியே இருக்கு, இல்லையா?

நின்றால் என்ன லாபம்?

படுத்திருக்கும்போது முதுகைத் தரை தாங்கிக்கொள்ளும். நிற்கும்போது அந்த வேலையை வயிறு, முதுகு, இடுப்புத் தசைகள்தான் பார்க்கணும். உள்ளங்காலும் கணுக்காலும் நொடிக்கு நொடி பேலன்ஸ் செய்யும். உடல் எடை கால் எலும்புகளில் இறங்குவதால், அவற்றுக்கும் வேலை கிடைக்கும். முக்கியமா, நாள் முழுக்க போனைப் பார்த்துத் தொங்கிப்போன கழுத்தும் கூன் விழுந்த தோளும் எங்கே நிற்கின்றன என்று நமக்கே புரியும். பஸ்ஸில் நிற்பதும், மாடிப்படி ஏறுவதும் நின்ற நிலையில்தானே!

ஆரம்பிக்க ஒரு சுவர் போதும். முதுகைச் சாய்த்து, பாதங்களைச் சற்று முன்னால் வைத்து, வயிற்றை லேசாக உள்ளிழுத்து, நிதானமாக மூச்சுவிட்டபடி கைகளை மேலே தூக்கி இறக்குங்கள். இடுப்பு, முதுகு, பின்தலை மூன்றும் சுவரை விட்டு நகரக் கூடாது. சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம்னு ஒரே நிமிஷத்தில் தெரியும். தலைசுற்றல், மூட்டுவலி, முதுகுப் பிரச்னை இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

பெயர் மட்டும் நின்றது

ஜோசப் தன் முறைக்கு வைத்த பெயர் 'கன்ட்ராலஜி'. மருத்துவ உலகம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. 1967-ல், 83 வயதில் இறந்தபோது, நடன வட்டாரத்துக்கு வெளியே அவரை அறிந்தவர்கள் குறைவு.

பிறகு அவர் பெயருக்காகவே வழக்கு நடந்தது. 'பிலாட்டீஸ்' என்பது யோகா, கராத்தே போல ஒரு பயிற்சியின் பொதுப்பெயர், யாரும் தனி உரிமை கொண்டாட முடியாது என்று 2000-ல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் வைத்த பெயரை உலகம் மறந்துவிட்டது. அவர் பெயரைத்தான் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறது!