வெறிநாய்க்கடியை வென்ற பாஸ்டர்

பிரான்சு நாட்டில், தோல் பதனிடும் தொழிலாளியின் மகனாக 1822-ம் ஆண்டு பிறந்தவர் லூயி பாஸ்டர்.

அவர் சிறுவனாக இருந்தபோது, வெறிபிடித்த ஓநாய் ஒன்று பலரைக் கடித்துக் குதறியது. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் புண்ணில் சூடு போட்டார்கள். அப்படியும் சிலர் மாண்டனர்.

பிற்காலத்தில் விஞ்ஞானியாகி அந்த நோயை ஆராய்ந்தார் பாஸ்டர். கிருமி கண்ணில் படவேயில்லை. மைக்ராஸ்கோப்புக்கும் தெரியாத அளவு சிறியது அது!

அதன் தந்திரம் பின்னாளில்தான் தெரியவந்தது. கிருமியின் மேல் கொழுப்பு உறை. அதில் நிறைய முட்கள். முட்களால் நரம்பு அணுவில் ஒட்டிக்கொள்ளும். அணு அதை ஒரு சிறு பையில் விழுங்கும். பைக்குள் அமிலம் ஏறியதும் முட்கள் உருமாறும். உறையும் பையும் ஒன்றாகிவிடும். கிருமியின் சரக்கு அணுவுக்குள் இறங்கிவிடும்!

ஆனால் நோய் மூளைக்கு ஏற, பெரும்பாலும் பல வாரங்கள் ஆகும். அந்த அவகாசத்தைப் பாஸ்டர் பயன்படுத்தினார். நோயுற்ற முயலின் தண்டுவடத்தை உலர்த்தி, வேகம் குறைத்து, மருந்து செய்தார்.

1885 ஜூலை 6. ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனைத் தாய் அழைத்து வந்தாள். உடம்பெல்லாம் நாய்க்கடி. பாஸ்டர் டாக்டர் அல்ல. மருந்து தவறினால் பழி வரும். சும்மா இருந்தாலோ சிறுவன் உயிர் போகலாம்!

டாக்டர் ஒருவரைக் கொண்டு 13 ஊசிகள் போடச் செய்தார். சிறுவன் பிழைத்தான்.

1895-ல் பாஸ்டர் காலமானார். நீலகிரியில், குன்னூரில் 1907-ல் தொடங்கிய நிலையம் அவர் பெயரைத் தாங்கியது.

நாய் கடித்தால், புண்ணை உடனே சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவவேண்டும். அந்தக் கொழுப்பு உறையைச் சோப்பு கரைத்துவிடும். பிறகு தாமதிக்காமல் ஊசி போட்டுக்கொள்ளவேண்டும்.