எண்ணலும் அளத்தலும்: ஆந்திரேய் கோல்மோகோரோவ்

நுழையும்முன்

தமிழ் இலக்கணம் அளவையாகுபெயரை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நான்காகப் பகுக்கிறது. இவற்றுள் எண்ணல் தனித்து நிற்பது. மாம்பழங்களை இரண்டு, மூன்று என எண்ணும்போது இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் வேறோர் எண்ணிக்கைக்கு இடமில்லை. பாலின் அளவும் துணியின் நீளமும் அத்தகையன அல்ல. அவை இடைவெளியின்றித் தொடர்ந்து செல்வன. நிகழ்தகவுக் கணிதமும் இவ்வேறுபாட்டைக் கண்டு, தற்செயலால் அமையும் எண்ணிக்கையைத் தனிநிலைச் சமவாய்ப்பு மாறி என்றும், தற்செயலால் அமையும் அளவைத் தொடர்நிலைச் சமவாய்ப்பு மாறி என்றும் பெயரிட்டது. இவ்விரண்டையும் ஒரே வரையறைக்குள் கொண்டுவந்ததோடு, அவ்வறிவைப் பள்ளி மாணவரிடம் சேர்க்கவும் உழைத்த பேரறிஞர் ஒருவரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமை

ஆந்திரேய் நிக்கோலாயெவிச் கோல்மோகோரோவ் 1903ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் உருசிய நாட்டின் தம்போவ் நகரில் பிறந்தார். அவர் பிறந்தபோதே தாய் இறந்துவிட்டார். தாயுடன் பிறந்த பெண்கள், யாரோஸ்லாவ்ல் நகருக்கு அருகிலுள்ள துனோஷ்னா என்னும் சிற்றூரில் அவரை வளர்த்தனர். அவர்களுள் வேரா என்பவர் அவரைத் தம் மகனாகவே ஏற்றுக்கொண்டார்.

அவ்வீட்டிலேயே சிறுவர்களுக்கென ஒரு சிறு பள்ளி நடந்தது. பிள்ளைகளின் ஆக்கங்களைத் தாங்கிய கையெழுத்து இதழும் வெளிவந்தது. ஒன்று ஒன்றின் வர்க்கம். ஒன்றும் மூன்றும் சேர்ந்தால் இரண்டின் வர்க்கம். அவற்றுடன் ஐந்தையும் கூட்டினால் மூன்றின் வர்க்கம். ஒற்றை எண்களின் இந்த ஒழுங்கை ஐந்தாறு வயதில் தாமே கண்டறிந்த சிறுவன், அதனை அவ்விதழில் எழுதினான். தானே ஒன்றைக் கண்டடைவதன் இன்பம் அவ்வயதிலேயே அவர் நெஞ்சில் பதிந்தது. பிற்காலத்தில் மாணவர்க்கு அவர் தர விரும்பியதும் அதுவே.

மாணவரும் ஆசிரியரும்

உள்நாட்டுப் போரும் பஞ்சமும் நிலவிய காலத்தில் அவர் பள்ளிக் கல்வியை முடித்தார். சிலகாலம் தொடர்வண்டியில் நடத்துநராகப் பணியாற்றியபின், 1920ஆம் ஆண்டு மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இரண்டாம் ஆண்டு மாணவர்க்குத் திங்கள்தோறும் பதினாறு கிலோ ரொட்டியும் ஒரு கிலோ வெண்ணெயும் கிடைத்தன. ஆதலால் முதலாண்டுத் தேர்வுகளை விரைந்து எழுதி இரண்டாம் ஆண்டுக்குச் சென்றார்.

1922ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதில், ஃபூரியே தொடர்களைப் பற்றிய அவருடைய கண்டுபிடிப்பு அறிஞர் பலரை வியப்பில் ஆழ்த்தியது. அதே ஆண்டில்தான் மாஸ்கோவின் பொத்திலிகா பகுதியிலிருந்த ஒரு பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கத் தொடங்கினார். உலகறிந்த ஆய்வாளராக உருவாகிவந்த அந்நாளிலும் 1925 வரை அப்பள்ளிப் பணியை அவர் விடவில்லை. அதனைத் தம் வாழ்வின் சுமையாகவன்றிப் பெருமையாகவே முதுமையிலும் கருதினார்.

இரு கரைகளை இணைத்த நூல்

நிகழ்தகவுக் கணிதம் அக்காலத்தில் உறுதியான அடித்தளமின்றி இருந்தது. பகடையை உருட்டினால் விழும் எண் ஆறனுள் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் உரிய நிகழ்தகவைத் தனித்தனியே குறித்துக் கூட்டினால் போதும். ஆயின், ஒருவர் காத்திருக்கும் நேரத்தை அவ்வாறு கையாள இயலாது. சரியாக நான்கு நிமிடம், அதில் நொடியின் நுண்பகுதிகூடக் கூடாமலும் குறையாமலும் காத்திருப்பதற்கான நிகழ்தகவு சுழியம். மூன்று நிமிடத்திற்கும் ஐந்து நிமிடத்திற்கும் இடையில் என்று ஓர் இடைவெளியைக் குறித்தால்தான் அக்கேள்வி பயனுடையதாகும். முன்னதற்குக் கூட்டல், பின்னதற்குத் தொகையிடல் என இரண்டும் இரு கரைகளாகப் பிரிந்து நின்றன. நிகழ்தகவுக்கு அடிக்கோள்கள் அமைக்கப்பட வேண்டும் என்று செருமானிய அறிஞர் ஹில்பர்ட் 1900ஆம் ஆண்டிலேயே அறிவித்திருந்தார்.

1933ஆம் ஆண்டு செருமானிய மொழியில் வெளிவந்த கோல்மோகோரோவின் சிறுநூல் அவ்வடித்தளத்தை அமைத்தது. ஒரு சோதனையின் ஒவ்வொரு விளைவுக்கும் ஓர் எண்ணைப் பொருத்தும் சார்பே சமவாய்ப்பு மாறி என்று அது வரையறுத்தது. அந்த எண், குறிப்பிட்ட ஓர் அளவை மிஞ்சாதிருப்பதற்கான நிகழ்தகவு எவ்வளவு? இந்த ஒரு கேள்வியை எல்லா மாறிகளிடமும் கேட்கலாம். பகடையின் விடையை வரைந்தால் அது படிக்கட்டுப்போல் ஆறு இடங்களில் தாவி ஏறும். காத்திருக்கும் நேரத்தின் விடை மேட்டுப்பாதைபோல் தாவலின்றி ஏறும்.

தொடர்வண்டிக் கடவின் கதவு திறந்திருந்தால் காத்திருப்பே இல்லை. மூடியிருந்தால் காத்திருப்பு எந்த அளவாகவும் இருக்கலாம். சுழியத்தில் ஒரு தாவலும் அதன்பின் தொடர்ந்த ஏற்றமும் கொண்ட இம்மாறி, தனிநிலையும் அன்று, தொடர்நிலையும் அன்று. எனினும் அதே வரையறைக்குள் இதுவும் அடங்குகிறது. வேறுபாடுகளை அழிக்காமல் அவற்றுக்கு அடியிலுள்ள ஒருமையைக் காட்டியதே அந்நூலின் சிறப்பு.

இரண்டாம் உலகப் போரின்போது எறிகணைகள் சிதறி விழும் முறையை அவர் ஆராய்ந்தார். இலக்கில் விழுந்தவை எத்தனை என்பது எண்ணல். இலக்கிலிருந்து எவ்வளவு விலகி விழுந்தன என்பது நீட்டல். நாட்டின் காப்புக்கு இரண்டும் தேவைப்பட்டன.

1962ஆம் ஆண்டு கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்கு அவர் வருகை தந்தார். சென்னையில் பிறந்து அங்கு ஆய்வு செய்துகொண்டிருந்த இளைஞர் எஸ். ஆர். எஸ். வரதனின் முனைவர் பட்ட ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களுள் அவரும் ஒருவர். அவ்விளைஞர் நிகழ்தகவுக் கணிதத்தில் ஆற்றிய பணிக்காக 2007ஆம் ஆண்டு ஏபெல் பரிசு பெற்றார்.

மீண்டும் வகுப்பறைக்கு

அறுபது வயதில், புகழின் உச்சியில் இருந்தபோது, கோல்மோகோரோவ் மீண்டும் பள்ளிக்குச் சென்றார். மாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1963 திசம்பரில் உறைவிடப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. பெருநகர வாய்ப்புகள் எட்டாத சிற்றூர்களிலும் சிறுநகரங்களிலும் இருந்த திறன்மிக்க மாணவர்கள் அங்குச் சேர்க்கப்பட்டனர். அவர்களுக்கு அவரே பாடம் நடத்தினார். பயிற்சிக் கணக்குகளையும் எழுதினார். இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்து இசையைப் பற்றிப் பேசினார். கவிதைகளைப் படித்துக் காட்டினார். காடுகளினூடே நெடுநடை அழைத்துச் சென்றார். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் இப்பணி நீடித்தது. 1970இல் தொடங்கிய 'குவாண்ட்' என்னும் மாணவர் அறிவியல் இதழையும் இயற்பியலறிஞர் கிக்கோயினுடன் இணைந்து வளர்த்தார்.

நாடு முழுவதற்குமான பள்ளிக் கணிதச் சீர்திருத்தத்திற்கும் அவரே தலைமை ஏற்றார். புதிய பாடநூல்கள் கண மொழியையும் நுண்கணிதத்தையும் வகுப்பறைக்குக் கொண்டுவந்தன. ஆயின், அம்மொழி மாணவர் பலருக்குக் கடுமையாக இருந்தது. 1978ஆம் ஆண்டு அறிவியல் கழகத்தின் கணிதப் பிரிவு கூடி அந்நூல்களைக் குறைகூறியது. உடனிருந்த அறிஞர் சிலரே வன்மையாகக் கண்டித்தனர். அந்நூல்கள் படிப்படியாக வழக்கிழந்தன. மிகத் துல்லியமான ஒன்று இளையோர்க்கு எளிதில் விளங்குவதாகவும் அமைந்துவிடும் என்னும் நம்பிக்கை அங்குத் தடுமாறியது.

அவர் மனம் நொந்தார், எனினும் ஒதுங்கவில்லை. நடுக்குநோய் உடலைத் தளர்த்தியது, கண்பார்வையும் மங்கியது. அந்நிலையிலும் உடனாசிரியர் இருவருடன் இணைந்து நிகழ்தகவுக்கு ஓர் அறிமுக நூலை 1982ஆம் ஆண்டு மாணவர்க்கென வெளியிட்டார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அறிஞர்க்காக எழுதிய நூல் அடிக்கோள்களிலிருந்து புறப்பட்டது. மாணவர்க்கான நூலோ எண்ணிப் பார்க்கத்தக்க எளிய நிகழ்ச்சிகளிலிருந்து புறப்பட்டது. பொருள் ஒன்றே; கற்பவர் நிற்கும் இடமறிந்து தொடங்கும் இடம் மாறியது.

1987ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கோல்மோகோரோவ் மாஸ்கோவில் மறைந்தார். அவர் கற்பித்த உறைவிடப் பள்ளி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. சமவாய்ப்பு மாறி என்பது விளைவுக்கு எண்ணைப் பொருத்தும் சார்பு என்று ஒரு மாணவர் தம் ஏட்டில் எழுதும்போதெல்லாம், 1933ஆம் ஆண்டின் அச்சிறுநூல் மீண்டும் ஒருமுறை வகுப்பறைக்குள் வருகிறது.