கூரை அறையில் படித்த மாணவி

பாரிஸ் நகரம். கடுமையான குளிர்காலம். ஒரு பழைய கட்டடத்தின் ஆறாவது மாடி. அங்கே, கூரைக்கு அடியில் ஒரு சிறு அறை. ஓர் இரும்புக் கட்டில், ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஓர் எண்ணெய் விளக்கு, முகம் கழுவ ஒரு பாத்திரம். அறையில் இருந்த சாமான்கள் இவ்வளவுதான்.

இரவு மணி இரண்டு. அதுவரை படித்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண் புத்தகத்தை மூடிவிட்டுப் படுத்தாள். தூக்கம் வரவில்லை. குளிரில் பற்கள் கிடுகிடு என்று அடித்துக்கொண்டன. பாத்திரத்தில் இருந்த தண்ணீர் பனிக்கட்டியாக உறைந்துவிட்டது.

அவள் எழுந்தாள். பெட்டியைத் திறந்தாள். தன்னிடம் இருந்த துணிகள் அத்தனையையும் எடுத்துப் போர்வைக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாள். அப்படியும் குளிர் விடவில்லை. கடைசியில் நாற்காலியையும் இழுத்துத் துணிகளின் மேல் வைத்துக்கொண்டாள். மரநாற்காலி சூடு கொடுக்குமா? கொடுக்காது. ஆனால் மேலே கனமாக ஏதாவது இருந்தால் கதகதப்பாக இருப்பதுபோல ஒரு நினைப்பு!

இப்படிக் குளிரில் நடுங்கிக்கொண்டு படித்த பெண்தான், பிற்காலத்தில் உலகமே போற்றிய விஞ்ஞானி மேரி கியூரி அம்மையார். ரேடியத்தைக் கண்டுபிடித்தவர். 2 முறை நோபல் பரிசு பெற்றவர்.

அவர் அந்த அறைக்கு எப்படி வந்து சேர்ந்தார்? அதுவே ஒரு கதை.

வாத்தியார் வீட்டுப் பெண்

போலந்து நாட்டில் உள்ள வார்சா நகரில் 1867-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் மரியா. ஐந்து குழந்தைகளில் அவள்தான் கடைக்குட்டி.

அப்போது வார்சா, ரஷ்ய ஜார் மன்னனின் ஆட்சியில் இருந்தது. பள்ளிக்கூடங்களில் ரஷ்ய மொழியில்தான் பாடம் நடத்தவேண்டும் என்று சட்டம். சொந்த மொழிக்குச் சொந்த நாட்டிலேயே இடம் இல்லை.

மரியாவின் தந்தை பௌதிகமும் கணக்கும் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர். சம்பளம் குறைவு. குடும்பம் பெரிது. மூத்த அக்காள் காய்ச்சலில் இறந்துபோனாள். மரியாவுக்குப் பத்து வயதாகும்போது, தாயும் காசநோயால் கண்ணை மூடினாள்.

இவ்வளவு துயரத்திலும் மரியா படிப்பை விடவில்லை. 1883-ம் ஆண்டு பள்ளிப் படிப்பை முடித்தபோது தங்கப் பதக்கம் வாங்கினாள். ஆனால் அதற்குமேல் படிக்க வழி இல்லை. வார்சா சர்வகலாசாலையில் பெண்களைச் சேர்க்கமாட்டார்கள். வெளிநாடு போய்ப் படிக்கலாம் என்றால் கையில் பணம் இல்லை.

அக்காள் - தங்கை ஒப்பந்தம்

மரியாவின் அக்காள் பிரோனியாவுக்கு டாக்டர் ஆகவேண்டும் என்று ஆசை. அவள் கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருந்தாள். பாரிசில் ஓராண்டு படிக்க மட்டுமே அது போதும். மீதி ஆண்டுகளுக்கு என்ன செய்வது?

தங்கை ஒரு வழி சொன்னாள். அக்காள் முதலில் பாரிசுக்குப் போகட்டும். தங்கை வேலை பார்த்துப் பணம் அனுப்புவாள். அக்காள் டாக்டர் ஆனபிறகு, தங்கையை அழைத்துப் படிக்கவைக்கட்டும். இதுதான் ஒப்பந்தம். பத்திரமும் இல்லை, சாட்சியும் இல்லை.

1885-ம் ஆண்டு பிரோனியா பாரிசுக்கு ரெயில் ஏறினாள். அடுத்த ஆண்டு ஜனவரியில் மரியா ஒரு கிராமத்துக்கு வேலைக்குப் போனாள். வசதியான ஒரு குடும்பத்தில், வீட்டோடு தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலை. ஆண்டுக்கு 500 ரூபிள் சம்பளம். அதில் ஏறக்குறைய பாதியை அக்காளுக்கு அனுப்பினாள்.

வேலை முடிந்தபிறகும் மரியா சும்மா இருக்கவில்லை. கிராமத்து ஏழைப் பிள்ளைகளைக் கூட்டி, போலந்து மொழியில் எழுதப்படிக்கச் சொல்லிக்கொடுத்தாள். அதிகாரிகளுக்குத் தெரிந்தால் தண்டனை நிச்சயம். ஆனாலும் அவள் பயப்படவில்லை. இரவில் எல்லோரும் தூங்கியபிறகு, பௌதிகமும் கணக்கும் தானாகவே படித்தாள்.

அங்கேதான் அவளுக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. அந்த வீட்டின் மூத்த மகனும் மரியாவும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். அவனுடைய பெற்றோர் சம்மதிக்கவில்லை. வேலைக்கு வந்த பெண்ணை மருமகளாக்கிக்கொள்வதா என்று மறுத்துவிட்டார்கள்.

வேறு பெண்ணாக இருந்தால் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டிருப்பாள். மரியா அப்படிச் செய்ய முடியுமா? அவள் வேலையை விட்டால் பாரிசில் அக்காளின் படிப்பு நின்றுவிடும். அவமானத்தை விழுங்கிக்கொண்டு, அதே வீட்டில் 1889 வரை வேலை பார்த்தாள். 

ரெயிலில் மடக்கு நாற்காலி

1890-ம் ஆண்டு பிரோனியாவிடமிருந்து கடிதம் வந்தது. அவளுக்குத் திருமணம் நடக்க இருந்தது. தங்கை பாரிசுக்கு வந்து தன்னோடு தங்கிப் படிக்கலாம் என்று எழுதியிருந்தாள்.

ஆனால் மரியா தயங்கினாள். மனம் சோர்ந்திருந்தது. வயதான தந்தையைத் தனியே விட்டுப் போகவும் மனம் இல்லை. இந்தச் சமயத்தில் வார்சாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நுழைய அவளுக்கு வாய்ப்புக் கிடைத்தது. புத்தகத்தில் படித்த சோதனைகளை முதன்முதலாகத் தன் கையால் செய்து பார்த்தாள். பழைய ஆசை மறுபடி மூண்டது. புறப்பட்டுவிட்டாள்.

1891-ம் ஆண்டு இலையுதிர்காலம். கையில் இருந்தது கொஞ்சப் பணம். ஜெர்மனியைக் கடக்க நாலாம் வகுப்பு டிக்கெட்தான் வாங்கினாள். அந்த வண்டியில் எல்லோருக்கும் உட்கார இடம் இருக்காது. அதனால் ஒரு மடக்கு நாற்காலியையும் கையோடு எடுத்துப்போனாள்! வழியில் சாப்பிட உணவு, போர்த்திக்கொள்ளக் கம்பளி எல்லாம் வீட்டிலிருந்தே கொண்டுபோனாள்.

பாரிசில் சோர்போன் சர்வகலாசாலையில் சேர்ந்தபோது, தன் பெயரைப் பிரெஞ்சு முறைப்படி மேரி என்று எழுதிக்கொடுத்தாள். அப்போது அவளுக்கு ஏறக்குறைய 24 வயது. விஞ்ஞான வகுப்புகளில் பெண்கள் மிகச் சிலரே இருந்தார்கள்.

அக்காள் வீட்டில்

அக்காள் வீட்டிலிருந்து சர்வகலாசாலைக்குப் போக ஒரு மணி நேரம் ஆகும். குதிரைகள் இழுக்கும் மாடி வண்டியில் போகவேண்டும். மேல்தட்டில் கூரை கிடையாது. ஆனால் கட்டணம் குறைவு. மேரி மேல்தட்டில்தான் ஏறுவாள். குளிர்காற்று முகத்தில் அடிக்கும். ஆனாலும் மேலே உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டு போவதில் அவளுக்குச் சந்தோஷம்.

அக்காளின் கணவர் டுலுஸ்கியும் டாக்டர். கலகலப்பான மனிதர். மாலையானால் வீட்டில் போலந்து நண்பர்கள் கூடிவிடுவார்கள். தேநீர், பாட்டு, பியானோ என்று ஒரே கொண்டாட்டம். நடுவில் நோயாளிகள் வந்து மணி அடிப்பார்கள். மேரி படிக்க உட்கார்ந்தால் அத்தான் வந்து பேச்சுக்கு இழுப்பார்.

ஒரு நாள் போலந்து மாணவர்கள் ஒரு காட்சி நடத்தினார்கள். போலந்து நாடு விலங்கை உடைத்துக்கொண்டு எழுவதுபோன்ற காட்சி. அதில் போலந்துத் தாயாக வேடமிட்டவள் மேரிதான். இதைக் கேள்விப்பட்ட தந்தை பயந்துவிட்டார். பாரிசிலும் ரஷ்ய அரசாங்கத்தின் ஒற்றர்கள் இருந்தார்கள். மகளின் பெயர் அவர்கள் காதில் விழுந்தால், அவள் நாளைக்கு ஊர் திரும்பி வேலை தேடும்போது ஆபத்து வரலாம். அவர் எச்சரித்துக் கடிதம் எழுதினார்.

மேரி யோசித்தாள். வந்தது படிப்பதற்கு. இருக்கிற நேரமெல்லாம் வண்டியிலும் பேச்சிலும் போகிறது. 1892 மார்ச் மாதத்தில், மாணவர்கள் வசிக்கும் லத்தீன் பேட்டையில் தனி அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

நாள் ஒன்றுக்கு மூன்று பிராங்க்

மாதத்துக்கு 100 பிராங்க். அதாவது 40 ரூபிள். அறை வாடகை, சாப்பாடு, துணி, புத்தகம், கட்டணம் எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். நாள் ஒன்றுக்கு மூன்று பிராங்குக்குச் சற்று அதிகம். வண்டிக்கூலி மிச்சம் பிடிக்க எங்கும் நடந்தே போனாள்.

பாடமும் எளிதாக இல்லை. பிரெஞ்சு மொழி நன்றாகத் தெரியும் என்று நினைத்துத்தான் மேரி வந்திருந்தாள். ஆசிரியர்கள் வேகமாகப் பேசியபோது பாதி புரியவில்லை. கிராமத்தில் தனியாகப் படித்த கணக்கும் போதவில்லை. உடன் படித்தவர்களை எட்டிப்பிடிக்க இரவும் பகலும் உழைத்தாள்.

மாலையில் நூல்நிலையத்துக்குப் போவாள். அங்கே காஸ் விளக்கு உண்டு. சூடும் உண்டு. இரவு பத்து மணிக்கு நூல்நிலையத்தை மூடும்வரை படிப்பாள். அறைக்கு வந்து எண்ணெய் விளக்கில் இரண்டு மணி வரை படிப்பாள். கணப்புக்கு வேண்டிய கரியைத் தானே கடையில் வாங்கி, ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, ஆறு மாடிக்கும் தூக்கிப்போவாள். பல நாள் அந்தக் கரியும் இருக்காது.

சமையல் அவளுக்குத் தெரியாது. கற்றுக்கொள்ள நேரமும் இல்லை. ரொட்டியும் வெண்ணெயும் தேநீரும்தான் ஆகாரம். எப்போதாவது முட்டை, பழம்.

ஒரு நாள் தோழி ஒருத்தியின் எதிரிலேயே மேரி மயங்கி விழுந்தாள். தோழி ஓடிப்போய் டாக்டர் டுலுஸ்கியிடம் சொன்னாள். அவர் ஆறு மாடியும் ஏறி வந்தார். நோயாளியைப் பார்க்குமுன் பாத்திரங்களைப் பார்த்தார். எல்லாம் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தன. சமைத்த அடையாளமே இல்லை. தேநீர்த் தூளைத் தவிர அறையில் வேறு உணவு எதுவும் இல்லை.

என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். மேரி ஏதோ சொல்லி மழுப்பினாள். அவர் விடவில்லை. கடைசியில் உண்மை வெளிவந்தது. முதல் நாள் மாலையிலிருந்து அவள் சாப்பிட்டது கொஞ்சம் முள்ளங்கியும் செர்ரிப் பழமும். படித்தது விடியற்காலை மூன்று மணி வரை. தூங்கியது நாலு மணி நேரம்.

அத்தானுக்குக் கோபம் ஒரு பக்கம், வருத்தம் ஒரு பக்கம். கையோடு வீட்டுக்கு அழைத்துப் போனார். பிரோனியா இறைச்சியும் உருளைக்கிழங்கும் சமைத்து எதிரில் உட்கார்ந்து சாப்பிடவைத்தாள். ஒரு வாரத்தில் மேரியின் முகத்தில் களை வந்தது. பரீட்சை நெருங்குகிறது என்று சொல்லிவிட்டு மறுபடி தன் அறைக்கு ஓடினாள். திரும்பவும் ரொட்டியும் தேநீரும்தான்!

முதல் பெயர்

1893-ம் ஆண்டு ஜூலை மாதம் பௌதிகப் பட்டத்துக்குப் பரீட்சை நடந்தது. முடிவு சொல்லும் நாளும் வந்தது. மார்க் வரிசைப்படி பெயர்களைப் படிப்பார்கள். மாணவர் கூட்டத்தில் மேரியும் காத்துநின்றாள். முதலில் படித்த பெயர் அவளுடையதுதான்!

ஆனால் கையில் பணம் தீர்ந்துவிட்டது. விடுமுறைக்கு வார்சா போனவள், மறுபடி பாரிசுக்குத் திரும்புவதே சந்தேகமாக இருந்தது. கணக்கிலும் பட்டம் வாங்கவேண்டும் என்பது அவள் ஆசை. அப்போது தோழி ஒருத்தி முயற்சி எடுத்து, வெளிநாட்டில் படிக்கும் போலந்து மாணவர்களுக்கான உபகாரச் சம்பளத்தை வாங்கிக்கொடுத்தாள். 600 ரூபிள். மேரியின் சிக்கனத்துக்கு அது பதினைந்து மாதச் செலவு. 1894-ம் ஆண்டு கணக்குப் பட்டப் பரீட்சையில் இரண்டாவதாகத் தேறினாள்.

அந்தச் சமயத்தில் ஒரு தொழில் வளர்ச்சிச் சங்கம், உருக்கின் காந்த சக்தியை ஆராயும் வேலையை மேரியிடம் கொடுத்தது. அதில் கிடைத்த வருமானம்தான் விஞ்ஞானத்தில் அவளுடைய முதல் சம்பாத்தியம். அதிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்து, 600 ரூபிளையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

உபகாரச் சம்பளம் கடன் அல்ல. திருப்பிக் கொடு என்று யாரும் கேட்கவில்லை. பணத்தை வாங்கிக்கொண்ட செயலாளர் திகைத்துப்போனார். ஆனால் மேரியின் எண்ணம் வேறு. அந்தப் பணம் தன்னிடம் இருக்கும்வரை, இன்னோர் ஏழை மாணவிக்கு அது போய்ச் சேராதே!

ஒப்பந்தம் முடியவில்லை

உருக்கு ஆராய்ச்சிக்கு இடம் தேடியபோதுதான், பியேர் கியூரி என்ற விஞ்ஞானியின் அறிமுகம் கிடைத்தது. 1895 ஜூலை 26-ந் தேதி இருவருக்கும் திருமணம் நடந்தது. 1898-ம் ஆண்டு இருவரும் சேர்ந்து பொலோனியம், ரேடியம் என்ற இரு தனிமங்களைக் கண்டுபிடித்தார்கள். முதல் தனிமத்துக்கு அம்மையார் தன் தாய்நாடான போலந்தின் பெயரையே வைத்தார். 1903-ல் பௌதிகத்துக்கும் 1911-ல் ரசாயனத்துக்கும் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1906-ம் ஆண்டு பியேர் வண்டியில் அடிபட்டு இறந்தார். கணவர் பார்த்த ஆசிரியர் பணியை அம்மையார் ஏற்றார். ஏழை மாணவியாக நுழைந்த சோர்போன் சர்வகலாசாலையில், முதல் பெண் ஆசிரியராக நின்று பாடம் நடத்தினார்.

அக்காள் தங்கை ஒப்பந்தம் என்ன ஆயிற்று? அது அவர்களுடைய படிப்போடு முடிந்துவிடவில்லை. வார்சா நகரில் புற்றுநோய்க்குச் சிகிச்சை செய்ய ஒரு ரேடியம் நிலையம் அமைக்கவேண்டும் என்று அம்மையார் விரும்பினார். அதற்காக ஊரில் இருந்து பாடுபட்டவர் பிரோனியா. 1932-ம் ஆண்டு அந்த நிலையம் திறக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் டாக்டர் பிரோனியாதான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1934 ஜூலை 4-ந் தேதி மேரி கியூரி அம்மையார் காலமானார்.

குளிரும் பசியுமாக அந்தக் கூரை அறையில் கழித்த நாட்களை, தன் வாழ்வின் இனிய நாட்களாகவே அவர் கடைசிவரை நினைத்தார். அக்காள் கொடுத்த ஆதரவு, தோழி செய்த உதவி, முகம் தெரியாதவர்கள் கொடுத்த 600 ரூபிள், இவற்றால் வளர்ந்தது அவருடைய படிப்பு. வாங்கிய எதையும் அவர் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. பணத்தை அடுத்த மாணவிக்குக் கொடுத்தார். அறிவை உலகத்துக்குக் கொடுத்தார்.