தகுதி வென்றது, கதவு மூடியது: கோல்ஃப் வீரர் பாப்வா செவ்கோலம்

தகுதி இருந்தால் எந்தக் கதவும் திறக்கும் என்பது ஆதிக்கச் சமூகங்கள் ஒடுக்கப்பட்டோருக்கு ஓயாமல் வழங்கும் அறிவுரை. தென்னாப்பிரிக்கக் கோல்ஃப் வீரர் செவ்சங்கர் ‘பாப்வா’ செவ்கோலமின் வாழ்க்கை அந்த அறிவுரையைப் பொய்யாக்குகிறது. தகுதி போதவில்லை என்பதால் அவர் வெளியே நிறுத்தப்படவில்லை. தகுதியை ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பித்த பின்னரே களத்திலிருந்து முற்றாக அகற்றப்பட்டார்.

நேட்டால் மாகாணத்தின் கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதல் சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். அவர்களின் வழிவந்த இந்தியச் சமூகத்தில், டர்பன் நகரின் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தவர் பாப்வா. பள்ளிக் கல்வி அவருக்கு எட்டாக்கனியாக இருந்தது. சிறுவயதிலேயே பீச்வுட் கோல்ஃப் மன்றத்தில் வெள்ளையரின் மட்டைப் பைகளைச் சுமக்கும் வேலையில் சேர்ந்தார். பை சுமப்பவன் புல்வெளியில் நடக்கலாம், பந்தைத் தேடித் தரலாம். ஆனால் மன்றக் கட்டடத்துக்குள் உறுப்பினரைப் போல நுழைய முடியாது. உழைப்பை ஏற்று உழைப்பவரை விலக்கும் இந்த ஏற்பாடு சாதியச் சமூகத்தில் வாழும் நமக்குப் புதிதன்று.

முறையான பயிற்சி பெறாத அவர், பார்த்தும் பழகியும் தாமே ஆட்டத்தைக் கற்றார். வலக்கை ஆட்டக்காரர்கள் மட்டையில் இடக்கையை மேலும் வலக்கையைக் கீழும் வைப்பதே மரபு. பாப்வா அதை நேர்மாறாகப் பிடித்தார். பாடநூல்கள் பிழையென்று தள்ளும் அந்தப் பிடியே அவரது வலிமையானது. பின்னாளில் ஆயில் ஆஃப் ஓலே என்று உலகறிந்த முகப்பூச்சை உருவாக்கிய கிரஹாம் வுல்ஃப் அவரது ஆற்றலைக் கண்டு ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். 1959இல் டச்சு ஓபன் பட்டத்தை வென்ற பாப்வா, 1960இலும் 1964இலும் அதை மீண்டும் வென்றார். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சியை நடத்தியோருள் பெரும்பாலோர் டச்சுக் குடியேறிகளின் வழித்தோன்றல்கள். அவர்களின் மூதாதையர் நாடு வாகையராக ஏற்றுக்கொண்டவரைச் சொந்த நாடு சமமான குடிமகனாகக்கூட ஏற்கவில்லை.

1963இல் டர்பன் கண்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓபன் போட்டி நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளை வீரர்களை எதிர்த்து ஆடி வென்றார் பாப்வா. பரிசளிப்பின்போது மழை பெய்தது. மன்றக் கட்டடத்துக்குள் வெள்ளையரல்லாதோர்க்கு இடமில்லை. ஆகவே தோற்றவர்கள் கூரைக்கடியில் இருக்க, வென்றவர் மழையில் நின்று கோப்பையைப் பெற்றார். அந்தக் காட்சியின் படங்கள் உலக நாளேடுகளில் வெளியாகி, தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான விளையாட்டுப் புறக்கணிப்பு இயக்கத்துக்கு மறுக்கவியலாத சான்றாயின.

1965இல் அவர் மீண்டும் நேட்டால் ஓபனை வென்றார். இம்முறை தோற்றவர்களுள் ஒருவர் கேரி பிளேயர். அதே ஆண்டில் அமெரிக்க ஓபனை வென்று, கோல்ஃபின் நான்கு பெரும் பட்டங்களையும் பெற்றவராக உயர்ந்தவர் அவர். உலகின் தலைசிறந்த வீரர்களுள் ஒருவரை முன்னாள் சுமைப்பையன் வீழ்த்தியதை நிறவெறி அரசால் பொறுக்க இயலவில்லை. வெள்ளையர் போட்டிகளில் ஆட அவருக்குத் தடை வந்தது. வெளிநாடு செல்லக் கடவுச்சீட்டும் மறுக்கப்பட்டது. மறுபுறம், 1966இல் வெளியான தம் நூலில் பிளேயர் அன்றைய அரசின் கொள்கையை ஆதரித்தார். பிற்காலத்தில் அந்த நிலைப்பாட்டைக் கைவிட்டார். ஆனால் பாப்வா இழந்த ஆண்டுகளை எந்த மனமாற்றமும் மீட்டுத் தரவில்லை. ஒருவர் உலகெங்கும் ஆடிப் பெருஞ்செல்வம் ஈட்டிய காலத்தில், மற்றவர் பிழைப்புக்கே தடுமாறினார். 1978இல், ஐம்பது வயதை எட்டுமுன்பே, வறுமையில் மறைந்தார் பாப்வா.

நிறவெறி ஆட்சி 1994இல் முடிவுக்கு வந்தது. இன்று டர்பனில் ஒரு கோல்ஃப் திடல் பாப்வாவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. கிறிஸ்டோபர் நிக்கல்சன் எழுதிய அவரது வாழ்க்கை வரலாற்றின் ஆங்கிலத் தலைப்பு, விலக்கப்பட்டவராயிருந்து வரலாற்று நாயகராக உயர்ந்தவர் என அவரைக் குறிக்கிறது. விலக்கப்பட்டவர் என்பதற்கு அத்தலைப்பு ஆளும் சொல் ‘பறையா’. தமிழ் மண்ணின் ஒரு மக்களின் பெயரைத் தீண்டத்தகாமையின் பொதுப்பெயராக்கி உலகுக்குக் கொடுத்தது காலனிய ஆங்கிலம்; அந்த மக்களை அந்நிலையில் வைத்திருந்தது நமது சாதி. டர்பனில் மழையில் நின்ற மனிதரின் வரலாற்றில் அச்சொல் இடம்பெற்றது தற்செயலன்று.

இடஒதுக்கீடு பற்றிய ஒவ்வொரு விவாதத்திலும் தகுதி என்னும் வாதம் எழுகிறது. தகுதியை அளக்கும் களத்துக்குள் நுழைய யாருக்கு உரிமை உண்டு, வென்றபின் அங்கே நிலைக்க யாருக்கு உரிமை உண்டு என்பவையே முதலில் விடைகாண வேண்டிய கேள்விகள். பாப்வாவுக்கு முதல் உரிமை அரைகுறையாகவே கிடைத்தது. இரண்டாவது கிடைக்கவே இல்லை. திறமையால் மட்டும் அந்தத் தடைகளை அவரால் தகர்க்க முடியவில்லை. அவற்றைத் தகர்த்தது, பல்லாண்டுகள் நீடித்த மக்கள் போராட்டம்.