சேரன்மாதேவிக் குருகுலமும் ஸ்ரீ வ. வே. சு. ஐயரும்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வழியாகத் தென்காசி நோக்கிச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் தறிகளும் நூலாலைகளும் நிறைந்த ஊர்கள் பல உண்டு. இந்த ஜில்லாவிலே தறியிலும் தீப்பெட்டித் தொழிலிலும் பட்டாசுத் தொழிலிலும் அகப்பட்டுப் பள்ளியை இழந்த சிறுவர்களை மீட்டுக் கற்பிப்பதற்கென 1988-இல் தொடங்கிய தேசீயக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் கீழ்த் தனிப் பள்ளிகள் நடந்தன. அவற்றின் உபாத்தியாயர்கள் சொற்ப மதிப்பூதியம் பெற்றுப் பாடம் சொன்னவர்கள். 2021-இல் அத்திட்டம் சமக்ர சிக்ஷாவுடன் இணைக்கப்பட்டது. வழக்கமான பள்ளிக்கு வெளியே நின்று கற்பிக்கும் ஆசிரியனையும் அவனை நம்பி வந்த மாணாக்கனையும் தாங்குபவர் யார், எந்த நிபந்தனையின்பேரில் தாங்குவது என்ற கேள்வி நமக்குப் புதிதன்று. அதே சாலையில் தென்காசியையும் கடந்து சென்றால் தாமிரபர்ணிக் கரையிலே சேரன்மாதேவி என்னும் ஊர் வரும். அக்கேள்வி 1925-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டையே இரு கூறாகப் பிளந்தது அவ்வூரை முன்னிட்டுத்தான். அதன் நடுவே நின்றவர் ஸ்ரீ வ. வே. சு. ஐயர்.

ஐயர் 1881 ஏப்ரல் 2-ஆம் தேதி திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் பிறந்தார். அந்நகரத்துக் கல்லூரியிலே பட்டம் பெற்று, வக்கீல் பரீக்ஷையிலும் தேறிச் சிறிது காலம் தொழில் நடத்தினார். பின்னர் ரங்கூன் சென்றார். பாரிஸ்டராக வேண்டும் என்ற ஆவலால் 1907-இல் லண்டன் மாநகரம் புகுந்தார். அங்கே இந்தியா விடுதியில் ஸாவர்க்கர் முதலியோரின் நட்புக் கிடைத்தது. சட்டப் படிப்பு பின்னுக்குப் போயிற்று, தேச விடுதலை முன்னுக்கு வந்தது. பரீக்ஷையில் தேறியும், ஆங்கில அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய இசையாமையால் அப்பட்டத்தைத் துறந்தார். போலீஸார் கண்ணில் மண்ணைத் தூவி, மாறுவேடம் பூண்டு, பாரிஸ் வழியாக 1910-இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். பாரதியாரும் அரவிந்தரும் அப்பொழுது அங்கே இருந்தனர். பத்து வருஷம் அந்நகரமே அவருக்கு வீடாயிற்று.

அப்பத்து வருஷத்தின் வறுமையையும் ஒற்றர் தொல்லையையும் விரிப்பதாயின் இவ்விடம் போதாது. திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டதும், தமிழில் சிறுகதைக்கு வழிகோலியதும் அக்காலத்தில்தான். துப்பாக்கியை நம்பிச் சென்ற மனிதர் படிப்படியாக எழுத்தையும் கல்வியையும் நம்பலானார். யுத்தம் முடிந்த பின் பிரிட்டிஷ் எல்லைக்குள் திரும்பி, 1920-இல் தேசபக்தன் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். மறு வருஷமே ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பெற்றுப் பல்லாரிச் சிறையில் ஒன்பது மாதம் இருந்தார். அங்கே அவர் ஆராய்ந்து எழுதியது கம்பனைப் பற்றிய நூல்.

இது நிற்க. ஒத்துழையாமை இயக்கம் சர்க்கார் பள்ளிகளைப் பகிஷ்கரிக்கச் சொன்னது. மாணாக்கர்கள் வெளியேறினார்கள், உபாத்தியாயர்கள் பலர் சம்பளத்தைத் துறந்தார்கள். ஆனால் வெளியே வந்தவர்களுக்கு மறுநாட் காலை யார் சோறிடுவது? தேசமெங்கும் 1920, 1921-ஆம் வருஷங்களில் எழுந்த தேசீயப் பள்ளிகளில் பெரும்பாலானவை சில வருஷங்களுக்குள் மூடப்பட்டன. ஊக்கம் குறைந்ததென்று குறை கூறுதல் எளிது. சர்க்கார் மானியம் இல்லை, சர்க்கார் பரீக்ஷை இல்லை, தேறியவனுக்கு உத்தியோகமும் இல்லை; இம்மூன்றும் இல்லாத பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிய பெற்றோரும், அங்கே கற்பித்த ஆசிரியரும் பொதுஜனங்களின் கொடையையும் நம்பிக்கையையும் தவிர வேறொரு பற்றுக்கோடு உடையவரல்லர்.

இதையெல்லாம் அறிந்தே ஐயர் 1922-இல் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலத்தை நிறுவினார். பரத்துவாஜ ஆசிரமம் என்பது அதன் பெயர். தமிழே போதனாபாஷை, ஏட்டுக் கல்வியோடு கைத்தொழிலும் உழவும் உடற்பயிற்சியும் அங்கே உண்டு. மாணாக்கனும் ஆசிரியனும் ஒரே இடத்தில் வாழ்ந்தனர். பாலபாரதி என்னும் மாதப் பத்திரிகையையும் ஐயர் அங்கிருந்து நடத்தினார். சுத்தானந்த பாரதியார் அவருக்குத் துணை நின்றார். செலவுக்குப் பணம் வேண்டுமே! செட்டிநாட்டிலும் பிறவிடத்திலும் ஐயர் கொடை திரட்டினார். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பதினாயிரம் ரூபாய் கொடுப்பதாக ஒப்பி, முதல் தவணையாக ஐயாயிரம் கொடுத்தது. பல ஜாதியார் கொடுத்த பணம் அது.

அந்தக் குருகுலத்திலே பிராமணச் சிறுவர் இருவர் மற்றவரோடு பந்தியில் அமராமல் தனியே உண்டனர். பெற்றோர் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி ஐயர் இதற்கு இடங்கொடுத்தார். பிற்காலத்தில் சென்னை ராஜதானியின் பிரதமரான ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே பயின்றவன். அச்சிறுவன் கண்ட வேற்றுமையைத் தகப்பனாரிடம் கூற, செய்தி வெளியாயிற்று என்பர். காங்கிரஸ் காரியதரிசி ஈ. வெ. ராமசாமி நாயக்கரும், தலைவர் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும், திரு. வி. கலியாணசுந்தர முதலியாரும் ஐயரை எதிர்த்து நின்றனர். நாயுடுவின் தமிழ்நாடு பத்திரிகை இதனை வீடுதோறும் கொண்டு சென்றது.

ஐயர் தம் வாழ்க்கையில் ஜாதி ஆசாரத்தைப் பற்றி நின்றவரல்லர். கடல் கடந்தவர், எல்லோருடனும் உண்டவர். பிள்ளையைச் சேர்க்கும்பொழுது கொடுத்த வாக்கை மீறலாகாது என்பதே அவர் கட்சி. நாம் அதை மதிக்கிறோம், ஒப்புக்கொள்ள மாட்டோம். வாக்குப் பெற்றவர் இரு சிறுவரின் பெற்றோர். வாக்கின் விலையைக் கொடுத்தவரோ பந்தியின் மறுபுறம் உட்கார்ந்த சிறுவர்கள். அவர்களைக் கேட்டவர் எவரும் இலர். சர்க்கார் பள்ளியை வேண்டாமென்று விட்டு, சுதந்திர தேசத்துக்குரிய பள்ளியென்று நம்பி வந்தவன் அங்கேயும் தன் இலை வேறிடத்தில் இடப்படுவதைக் கண்டால், அவன் துறந்து வந்ததற்குப் பொருள் என்ன? இரண்டு பிள்ளைகளை இழக்க நேர்ந்தாலும் நேரட்டும் என்று ஐயர் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். குண்டுக்கும் சிறைக்கும் அஞ்சாதவர் இரண்டு தகப்பன்மார் முன் தயங்கினார்.

காந்தியடிகள் சமரசம் பேசிப் பார்த்தார். இரு கட்சிக்கும் திருப்தியில்லை. 1925 ஏப்ரலில் காங்கிரஸ் கமிட்டி கூடி, தேசீய ஸ்தாபனங்களில் பிறப்பினால் ஏற்றத்தாழ்வு பாராட்டலாகாதெனத் தீர்மானித்தது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் எஸ். ராமநாதன். ராஜகோபாலாச்சாரியார் முதலிய சிலர் கமிட்டியிலிருந்து விலகினர். அவ்வருஷம் நவம்பரில் காஞ்சீபுரம் மகாநாட்டை விட்டு வெளியேறிய நாயக்கர் மீண்டும் காங்கிரஸுக்குத் திரும்பவில்லை. ஒரு சிறு பள்ளியின் சமையற்கட்டிலே மூண்ட தீ தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றியது. ரெட்டியார் பிரதமரான பின் 1947-இல் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது. அவருக்குப் பின் 1949-இல் அப்பதவிக்கு வந்தவர் நம் ராஜபாளையத்து பி. எஸ். குமாரசாமி ராஜா.

ஐயரோ குருகுலத் தலைமையைத் துறந்தார். பணம் வரும் வழிகள் அடைபட்டன, பழிச்சொல்லும் சேர்ந்தது. இத்தனைக்கும் நடுவிலே அங்கே பாடம் நின்றுவிடவில்லை என்பதைச் சண்டையைப் பற்றி எழுதுவோர் பலர் மறந்துவிடுகின்றனர். மாணாக்கர்களோடு ஐயருக்கிருந்த தொடர்பும் அற்றுப் போகவில்லை. 1925 ஜூன் மாதத் தொடக்கத்தில் அவர்களை அழைத்துக்கொண்டு பாபநாசத்து அருவியைக் காணச் சென்றார். மகள் சுபத்திரையும் மகனும் உடன் சென்றனர். நீரைத் தாண்ட முயன்ற சுபத்திரை கால் தவறி வெள்ளத்தில் வீழ்ந்தாள். மகளைக் காக்க ஐயர் பின்னாலேயே குதித்தார். இருவரையும் அருவி கொண்டுபோயிற்று. அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. கரையில் நின்ற சிறுவர்கள் ஆசிரியரின்றிச் சேரன்மாதேவிக்குத் திரும்பினார்கள்.